மகனைத் தனியாக விட்டுவிட்டுப் போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு 29 வயது. நான்கு வருடங்களாக மனச்சிதைவு நோய். மாத்திரை போடுகிறான், காதில் குரல் கேட்பது குறைந்துவிட்டது. ஆனால் நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். குளிக்கக்கூட நான் பத்து முறை சொல்ல வேண்டும். பொறுமை போய்க் கத்திவிடுகிறேன், அப்புறம் உட்கார்ந்து அழுகிறேன். வேலையையும் விட்டுவிட்டேன். தங்கை வீட்டுக்கு ஒரு நாள் போய்வர ஆசை, ஆனால் விட்டுப் போகப் பயம். என் வளர்ப்பில்தான் ஏதோ தப்பா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இல்லை அம்மா, உங்கள் வளர்ப்பில் தப்பில்லை. தாயின் வளர்ப்புதான் இந்த நோயைக் கொண்டுவருகிறது என்று 1940களில் மனநல மருத்துவர்களே எழுதினார்கள். அது தவறு என்று எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பழி மட்டும் இன்னும் அம்மாக்களை விடவில்லை. அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

தங்கை வீட்டுக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். நீங்கள் விலகியிருக்கும் நேரம் மகனுக்கும் நல்லது.

1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே போன ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார். வாடகை அறையில் போய்த் தங்கியவர்களைவிட, பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு நோய் மோசமாவது அதிகமாக இருந்தது. வீட்டில் அன்பில்லாததா காரணம்? அப்படியில்லை. ஓயாமல் குறை சொல்வது, எரிந்து விழுவது, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பது, இந்த மூன்றும்தான் நோயாளியின் மனதை அழுத்துகின்றன என்று பிந்தைய ஆய்வுகளில் தெரிந்தது. 1976-ல் வந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அப்படிப்பட்ட வீடுகளிலும், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக நேருக்கு நேர் சேர்ந்திருந்தவர்களுக்கும், மருந்தை விடாமல் எடுத்தவர்களுக்கும் நோய் திரும்புவது குறைவாக இருந்தது. வேலையை விட்டபின் நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் எத்தனை மணி நேரம் இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கத்தியதற்காக உங்களைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. ஓய்வே இல்லாமல் நான்கு வருடம் பார்த்துக்கொண்டால் யாருக்கும் பொறுமை போகும்.

அடுத்து, அந்தப் படுக்கை. பெரும்பாலான வீடுகளில் சண்டை வருவது இதில்தான். அது சோம்பேறித்தனம் இல்லை. குரல் கேட்பதைப் போலவே, ஒன்றைத் தொடங்கும் உந்துதல் வற்றிப்போவதும் இந்த நோயின் அறிகுறி. குரலை அடக்கும் மாத்திரை இதை அந்த அளவுக்குச் சரிசெய்வதில்லை. மாத்திரை தரும் தூக்கக் கலக்கமோ மனச்சோர்வோ கூடச் சேர்ந்திருக்கலாம், அதனால் மருத்துவரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். வீட்டில் "எப்பப் பாரு படுத்தே கிடக்கிற" என்பதற்குப் பதிலாக, "பத்து மணிக்கு நடக்கப் போறேன், நீயும் வா" என்று ஒரே ஒரு வேலையை, ஒரே ஒரு முறை சொல்லுங்கள். வரவில்லையா? சரி, நீங்கள் மட்டும் போங்கள். நாளைக்கு மறுபடி கூப்பிடலாம்.

வெளியே போவதை இரண்டு மணி நேரத்தில் தொடங்குங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள். நடுவில் பத்து முறை போன் செய்ய வேண்டாம். அது பழகியபின் அரை நாள், அப்புறம் ஓர் இரவு. தங்கும் இரவுக்கு மட்டும், அவருக்குப் பிடித்த உறவினர் ஒருவரை வந்து இருக்கச் சொல்லுங்கள். தினமும் மாத்திரைக்காகவே போராட்டம் என்றால், மாதம் ஒருமுறை போடும் ஊசி அவருக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். மகனைப் பற்றிய விவரங்களை அவர் சம்மதமில்லாமல் மருத்துவர் உங்களிடம் சொல்லத் தயங்கலாம். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

கடந்த முறை நோய் முற்றுவதற்கு முந்தைய வாரங்களில் என்னென்ன மாறியது என்று நினைவுபடுத்தி எழுதிவையுங்கள். தூக்கம் குறைந்ததா, சாப்பாட்டைச் சந்தேகப்பட்டாரா, தனக்குத்தானே பேசினாரா? பெரும்பாலும் அடுத்த முறையும் அதே வரிசையில்தான் வரும். அவை மறுபடி தலைகாட்டினால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம். சாக வேண்டும் என்று பேசினாலோ, யாரையாவது தாக்கச் சொல்லிக் குரல் கட்டளையிடுவதாகச் சொன்னாலோ, அன்று மட்டும் அவரைத் தனியாக விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

உங்களைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். அந்த அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் வருகிறதா, தூக்கமும் பசியும் போய்விட்டதா? அப்படியானால் மகனோடு போகும்போது ஓரமாக உட்கார்ந்து கேட்பது போதாது. உங்களுக்கென்று தனியாக ஒரு நாள் போய் மருத்துவரைப் பாருங்கள். தங்கை வீட்டுக்குப் போகும் வழியிலேயே கூடப் பார்த்துவிடலாம்.