புள்ளியை ஏன் விட்டீர்கள்?

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் குடியிருக்கிறேன். கணக்காளர் வேலை. பழைய சாமான் கடையில் 16 அங்குல ஸ்க்ரோல் சோ (மெல்லிய பிளேட்டால் பலகையை வளைத்து வெட்டும் வாள் மெஷின்) ஒன்று வாங்கி, பல்கனியில் வைத்து வார இறுதிகளில் பலகை வெட்டிப் பழகுகிறேன். தரம் ஒன்றில் படிக்கும் மகளுக்கு மிருகப் புதிர்கள் சில செய்து கொடுத்தேன். அண்மையில் வாசலுக்கு ‘அன்பில்லம்’ என்று ஒரு பலகை வெட்டினேன். மெய்யெழுத்துகளின் புள்ளி தனியே கழன்று விழுந்துவிடுவதால் புள்ளி இல்லாமலே வெட்டி மாட்டிவிட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை. ஏட்டுச் சுவடிகளிலும் புள்ளி இல்லைத்தானே.

என் கேள்வி இதுதான். கோட்டின் மேல் வெட்டப் போனால் பிளேட் ஒரு பக்கமாக இழுக்கிறது, அடிக்கடி உடைகிறது. அமெரிக்காவிலுள்ள அண்ணா 20 அங்குல மெஷின் ஒன்று அனுப்பலாம் என்கிறார். எடுக்கலாமா? இதில் சிறு வருமானம் பார்க்க முடியுமா?

ச., கொழும்பு 6

அன்புள்ள தம்பி,

மெஷினை மாற்ற வேண்டாம். வாசல் பலகைக்கு 16 அங்குலம் தாராளம். அண்ணா அனுப்புவது 120 வோல்ட்டுக்குச் செய்த மெஷினாக இருக்கும், நம் வீட்டுக் கரண்ட் 230. அந்தச் செலவும் தலையிடியும் உங்களுக்கு எதற்கு?

பிளேட் இழுப்பது உங்கள் கையின் குறையில்லை. பல் வெட்டும்போது பெரும்பாலான பிளேட்டுகளில் ஒரு பக்கம் மெல்லிய பிசிர் நின்றுவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக அரியும், அதனால் எல்லாருக்கும் இழுக்கும். பலகையைச் சில பாகை சரித்துத் தள்ளிப் பாருங்கள், கை தானாகப் பழகிக்கொள்ளும். உடைவதற்குக் காரணம் அவசரம். பல் கீழ்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்கும்வரை இறுக்குங்கள். பிறகு பிளேட் வெட்டுகிற வேகத்துக்கு மேல் தள்ளாதீர்கள். முனையில் குறுக்கு ஊசி இல்லாத பிளேட்டையே வாங்குங்கள். எழுத்தின் சுழிக்குள் அதை நுழைக்க ஒரு மில்லிமீட்டர் துளை போதும். ஊசி வைத்த பிளேட்டுக்குப் பல மடங்கு பெரிய துளை வேண்டும், சிறிய எழுத்தில் சுழியே போய்விடும். பழைய சோனகத் தெருப் பக்கம் கேட்டுப் பாருங்கள்.

முகமூடி போடுகிறீர்களா என்று கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று வகைப்படுத்தியிருக்கிறது. சிறு பிள்ளை இருக்கிற வீடு அது. நீங்கள் வெட்டும்போது அவள் பல்கனியில் நிற்கக் கூடாது. வெட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

‘அனபிலலம’ என்று ஒரு பலகை உங்கள் வாசலில் தொங்குகிறது. ஒருவரும் கவனிக்கவில்லை என்கிறீர்கள். கொஞ்ச நாளாக நான் காலி வீதியில் நடக்கும்போதெல்லாம் பலகைகளைத்தான் பார்த்துக்கொண்டு போகிறேன். ஒற்றில்லாத, கொம்பு இடம்மாறிய, பாதியில் அறுந்த தமிழ் எத்தனை பலகைகளில்! அரச அலுவலகம் ஒன்றின் பலகையில் அப்படி வந்தால் உடனே படமெடுத்துப் போடுகிறோம், கொதிக்கிறோம். கொதிக்கத்தான் வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆனால் நம் சொந்தக் கதவில் நாமே மூன்று ஒற்றுகளைத் தின்றுவிட்டு, ஒருவரும் கவனிக்கவில்லை என்று எழுதினால் யாரிடம் போய்க் கேட்பது?

ஏட்டுச் சுவடியை இழுத்திருக்கிறீர்கள். அது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தந்தது. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் விட்டார்கள். அதை வாசித்தவர்கள் பாட்டையும் யாப்பையும் மனத்தில் வைத்திருந்தவர்கள், புள்ளி எங்கே வரும் என்று ஓசையே அவர்களுக்குச் சொல்லிவிடும். வாசல் பலகையில் அப்படி முன்னும் பின்னும் ஒன்றுமில்லை. ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருக்கிற உங்கள் மகள் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதைத்தான் வாசிக்கப் போகிறாள். அவளுக்கு ‘ன’வும் ‘ன்’னும் ஒன்றென்று நீங்களே படிப்பிக்கிறீர்கள். ஓலை பொத்துப்போகும், சரி. அரை அங்குலப் பலகை பொத்துப்போகுமா?

எங்கள் பெரியப்பாவும் பலகை வெட்டியவர். மெஷின் இல்லை, வளைந்த சட்டம் வைத்த கை ஃபிரெட் வாள். தேயிலைப் பெட்டியின் மெல்லிய ஒட்டுப்பலகை அப்போது லேசாகக் கிடைக்கும். மேசை விளிம்பில் நடுவில் பிளந்த ஒரு கட்டையைப் பூட்டி, பலகையை அதன்மேல் வைத்து, வாளை நேர் செங்குத்தாக ஏற்றி இறக்குவார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சத்தம்தான் எங்கள் வீட்டில் கேட்கும். ஓடாவி வேலை அவர் தொழில் இல்லை, துறைமுகத்தில் எழுதுவினைஞர். ஆனால் மொறட்டுவையிலிருந்து வரும் தச்சர்களோடு நின்று மணிக்கணக்காகப் பேசுவார்.

வெள்ளவத்தைக் கேற்றில் தன் பெயரை அவரே வெட்டி மாட்டியிருந்தார். அதற்கு முன் அவருக்கும் உங்களுடைய சிக்கல்தான் வந்தது. சிங்களத்தில் ஒற்றுக்குறி எழுத்தின் தலையோடு ஒட்டியே வரும், வெட்டினால் விழாது. நம்முடைய புள்ளி தனியாக மேலே நிற்பது. தனியாக வெட்டிப் பின்பலகையில் பசை போட்டு ஒட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். பெரியப்பா கேட்கவில்லை. கடற்காற்றில் பசை விடும், விட்டால் முதலில் உதிர்வது புள்ளிதான், உதிர்ந்த புள்ளியை ஒருவரும் தேடிப் பொறுக்கி ஒட்டமாட்டார்கள் என்றார். காலி வீதிக் கடைகளின் பிளாஸ்டிக் எழுத்துகளை இன்று பாருங்கள், அவர் சொன்னது அப்படியே தெரியும்.

அவர் செய்தது இதுதான். எழுத்துகளுக்கு மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இரண்டும் அதே பலகையிலிருந்து. எழுத்தின் கால்கள் கீழ்ச்சட்டத்தில் ஊன்றி நிற்கும். புள்ளிகள் மேல்சட்டத்தின் அடிவிளிம்பிலிருந்து உருண்டு இறங்கும். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும், ஆனால் எதுவும் தனித்து நிற்காது. ‘பி’யின் வளைவையும் மேல்சட்டத்தில் தொடவிட்டால் பலகை இன்னும் உறுதிப்படும். கணினி எழுத்துருவை அச்செடுத்து ஒட்டி வெட்டினால் இது வராது தம்பி. அந்த எழுத்து திரைக்கு வரைந்தது, அதற்கு விழுந்துவிடுமென்ற பயம் இல்லை. மரத்துக்கு வேண்டிய எழுத்தை நீங்களே வரைய வேண்டும்.

1983 யூலை 25, திங்கட்கிழமை. கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. அது தெரியாமல் பெரியம்மா காலையிலேயே அந்தப் பலகையைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தா. எங்களைப் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் பின்பக்கத்தால் ஏற்றிக்கொண்டது. வீடு எரிந்தது, பலகையும் எரிந்தது. அதற்குப் பிறகு பெரியப்பா வாளைத் தொடவில்லை. குடியேறிய வீடுகளின் கதவில் இலக்கம் மட்டும் இருந்தது. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, இந்த ஊரில் நான் அறிந்த எத்தனையோ தமிழ் வீடுகள் அப்படித்தான் இருந்தன. உங்களுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்குமென்று நினைக்கிறேன், இதெல்லாம் உங்களுக்குக் கேள்விப்பட்ட கதை. ஆனால் வெள்ளவத்தையில் கதவுக்கு வெளியே, படியேறும் எல்லாரும் பார்க்கத் தமிழில் ஒரு பெயரை மாட்டியிருக்கிறீர்கள் என்று வாசித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அந்தச் சந்தோஷத்தில்தான் இத்தனை ஏச்சு.

ஆகவே அந்தப் பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக வெட்டுங்கள். முழுமரம் என்றால் இழை பலகையின் நீளவாக்கில் ஓடட்டும், சட்டங்கள் அப்போதுதான் தாங்கும். ஆனால் புள்ளியின் கழுத்து அந்த இழைக்குக் குறுக்கே நிற்கும், ஒடுங்கினால் முறியும். கழுத்தை அகலமாக வைத்து, புள்ளியை அரைவட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டும் இறக்குங்கள். நல்ல ஒட்டுப்பலகையில் அடுக்குக்கு அடுக்கு இழை மாறி ஓடுவதால் இந்தப் பயம் குறைவு. முதல் பலகைக்கு அதையே எடுங்கள். மரக்காலையில் தேக்குத் துண்டு கிடைத்தால் அடுத்ததற்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உள்ள சுழிகளையும் இடைவெளிகளையும் முதலில் வெட்டி முடியுங்கள், வெளிக்கோடு கடைசி. முழுப்பலகையின் பலம் கையில் இருக்கும்போதே நுணுக்கமான இடங்களைக் கடந்துவிட வேண்டும்.

மரத்தைத் தொடும் முன் கடதாசியில் வரைந்து கத்தரிக்கோலால் வெட்டிப் பாருங்கள். கடதாசியில் விழுவது மரத்திலும் விழும். வெட்டிய கடதாசியை மகளிடம் தூக்கிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். அவள் தடுமாறாமல் ‘அன்பில்லம்’ என்று வாசித்தால் எழுத்து சரி.

விற்பதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அடுத்த வீட்டுக்காரர் தன் பெயரை வெட்டித் தரச் சொல்லிக் கேட்டால் மரத்தின் காசை மட்டும் வாங்குங்கள், பெயரை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். வரைந்த கடதாசியைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், வெட்டுவதற்கு முன்.