நோட்புக்கில் மாறியின் பெயரைத் தப்பாக அடித்தால் பைதான் ஏன் கண்டுகொள்வதில்லை?

விஷுவல் பேசிக்கில் ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட், பெர்லில் யூஸ் ஸ்ட்ரிக்ட் இருப்பது போல, ஜூப்பிட்டர் நோட்புக்கில் ஓட்டும் பைதானில் அறிவிக்காத மாறியைத் தடுக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. பைதானில் சமக்குறிக்கு இடப்பக்கம் எந்தப் பெயர் வந்தாலும் அந்த நொடியே அது பிறந்துவிடும். டைப் ஹின்ட் (மாறி எந்த வகை என்ற குறிப்பு) போட்டால் அறிவித்த மாதிரி ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; ஓடும்போது பைதான் அதைச் சரிபார்ப்பதே இல்லை.

மொத்தம் = 0 என்று தொடங்கி 40, 60, 100 என்ற மூன்று விலைகளை லூப்பில் கூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (பைதான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம்). லூப்புக்குள்

மொதம் = மொத்தம் + விலை

என்று ஒரு 'த்' விட்டுப்போனால் பிழைச் செய்தி வராது. மொத்தம் 0-விலேயே நிற்கும், மொதம் 100 ஆகும். சரி, அதே வரியை

மொதம் += விலை

என்று மாற்றினால்? தனி ஸ்கிரிப்டாக இருந்தால் முதல் சுற்றிலேயே 'இப்படி ஒரு பெயர் இல்லை' என்று நேம்எரர் வந்து காப்பாற்றும். நோட்புக்கில் வராது. முந்தைய ரன்னில் பிறந்த மொதம் கெர்னலின் (பின்னணியில் நிரலை ஓட்டும் பைதானின்) நினைவகத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 100-உடன் 200 சேர்ந்து 300. செல்லை (நோட்புக்கில் நிரல் எழுதும் கட்டத்தை) மறுபடி ஓட்டினால் 500. செல்லையே அழித்தாலும் பெயர் போகாது. என்னைக் கேட்டால், தட்டச்சுப் பிழையைவிட இந்தப் பழைய பெயர்கள்தான் பெரிய வில்லங்கம்.

எனவே முதல் வேலை, கணக்கை ஒரு ஃபங்ஷனுக்குள் தள்ளுவது. உள்ளே மொதம் += விலை என்று எழுதினால் பைதான் அதை அந்த ஃபங்ஷனுக்குள் மட்டும் வாழும் லோக்கல் மாறியாக எடுத்துக்கொள்ளும்; வெளியே அதே பெயரில் பழையது இருந்தாலும் அன்பவுண்ட் லோக்கல் எரர் எறியும். மொதம் = மொத்தம் + விலை என்ற முதல் வகைப் பிழையையும் அப்போது லின்டர் (நிரலை ஓட்டாமலே படித்துப் பிழை சொல்லும் கருவி) பிடிக்கும்: மதிப்பு கொடுத்துவிட்டுப் பயன்படுத்தாத லோக்கல் மாறி, விதி எண் எஃப்841. அதே வரி செல்லில் நேரடியாகக் கிடந்தால் இந்த விதி வாயே திறக்காது.

லின்டருக்கு ரஃப் (Ruff) என்ற கருவி போதும். 0.6 பதிப்பிலிருந்து நோட்புக் கோப்புகளையும் தானாகவே சோதிக்கிறது. ஃப்ளேக்8 என்ற இன்னொரு லின்டர் பழகியவர்கள் அதை நோட்புக்கில் என்பிகியூஏ (nbQA) என்ற கருவி வழியாக ஓட்டலாம். எஃப்821 என்று வந்தால் எங்குமே உருவாக்காத பெயர், அல்லது கீழே உள்ள செல்லில் உருவாகும் பெயரை மேலேயே பயன்படுத்தியிருக்கிறீர்கள். லின்டர் கோப்பை மட்டுமே படிக்கும், கெர்னலைப் பார்க்காது. அதனால்தான் அழித்த செல்லின் பெயரும் இதில் சிக்குகிறது. நட்சத்திரக் குறி போட்டு இம்போர்ட் செய்தால் இந்தச் சோதனை படுத்துவிடும்.

கெர்னலில் எந்தெந்தப் பெயர்கள் உயிரோடு இருக்கின்றன என்று பார்க்க, சதவீதக் குறியோடு ஹூஸ் (%whos) என்று ஒரு செல்லில் அடியுங்கள். மொத்தமும் மொதமும் அடுத்தடுத்து நிற்கும். கண்ணுக்கு உடனே தெரியும். விடையை யாருக்காவது அனுப்பும் முன் கெர்னலை ரீஸ்டார்ட் செய்து எல்லா செல்களையும் வரிசையாக ஓட்டுவது கட்டாயம். ஜூப்பிட்டருக்கு மாற்றான மரிமோ நோட்புக்கில் செல்லை அழித்தால் அதன் மாறிகளும் போய்விடும், ஆனால் புதிதாகப் பிறக்கும் தப்புப் பெயரை அதுவும் தடுக்காது.

அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ் நூலகத்தின் நெடுவரிசைப் பெயர்களுக்கு இவை எதுவும் உதவாது, ஏனென்றால் அவை வெறும் சரங்கள் (ஸ்ட்ரிங்). தப்பான பெயரில் எழுதினால் சத்தமில்லாமல் புது நெடுவரிசை முளைக்கும். தமிழ்ப் பெயர் என்றால் இன்னொரு சிக்கல்: 'கொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். மாறிப் பெயர்களில் பைதானே இரண்டையும் ஒன்றாக்கிவிடும், சரங்களில் ஆக்காது. கோப்பைப் படித்ததும் பைதானோடு வரும் யூனிகோட்டேட்டா (unicodedata) மாட்யூலின் நார்மலைஸ் கொண்டு நெடுவரிசைப் பெயர்களைச் சீராக்கிவிடுங்கள். 'ஔ'வுக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடித்திருந்தால் அதுவும் உதவாது. கையால்தான் திருத்த வேண்டும்.