கடல் சூடு அளக்க ஒரு சேட்டிலைட் போதாதா?

அக்கரைப்பேட்டைலேர்ந்து: "சார், இத்தனை சேட்டிலைட் சுத்துது, ஐப்பசி கார்த்திகைல மட்டும் ஏன் கடல் சூட்டு மேப்ல நம்ம கடல் பாதி வெள்ளையா இருக்கு?"

மேகம்தான் தம்பி. நம்ம நாட்டு இன்சாட் 3டிஆர் மாதிரி வானிலை சேட்டிலைட் கடல் சூட்டைப் பாக்குறது இன்ஃப்ராரெட்ல, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்ல, மேகம் மறைச்சா அதுக்குக் கண்ணு தெரியாது. ஜப்பான் 2012ல அனுப்புன ஆம்சர்2ங்கிற கருவி மைக்ரோவேவ்ல பாக்குது, மேகத்தை ஊடுருவிப் பாத்துரும், ஆனா அடைமழைன்னா அதுவும் அவுட்டு, அதுவுமில்லாம அதோட பார்வை ரொம்ப அகலம், கரையோரம் வந்தா நிலத்தோட சூடும் சேந்து கலந்துரும், கோடியக்கரைக்குத் தெக்க பாக் ஜலசந்தில ரெண்டு பக்கமும் கரைங்கிறதால அங்க பெருசா உதவாது.

வேதாரண்யத்துலேர்ந்து: "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துட்டா முடிஞ்சுதே?"

அங்கதான் சிக்கலே. இன்ஃப்ராரெட் பாக்குறது கடல் மேல இருக்குற மயிரிழையைவிட மெல்லிசான தோலு, மைக்ரோவேவ் சுமார் ஒரு மில்லிமீட்டர், மிதவைல இருக்குற தெர்மாமீட்டர் அதுக்கும் கீழ. காத்தில்லாத மத்தியானத்துல மேல்தண்ணி மட்டும் தனியா சூடேறி நிக்கும், அதனால ராத்திரி அளவுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. 1991ல பினாட்டுபோ எரிமலை வெடிச்சு தூசி மேல போனப்ப இன்ஃப்ராரெட் கடலை நெசத்தைவிட குளிர்ச்சியா காட்டுச்சு, கப்பல், மிதவை அளவை வச்சுத்தான் சரி பண்ணாங்க. ஆக மொதல்ல ஒவ்வொண்ணோட சாய்வையும், அதாவது எப்பவும் ஒரே பக்கமா கூட்டியோ கொறச்சோ காட்டுறதை, கழிக்கணும், அப்புறம் எது எவ்வளவு தப்பு விடும்னு பாத்து எடை போடணும், பஞ்சாயத்துல எல்லார் பேச்சையும் கேப்போம், எல்லாரையும் ஒரே மாதிரியா நம்புறோம்? அளவே இல்லாத எடத்துல பக்கத்துப் புள்ளிகளையும் முந்தின நாளையும் வச்சு நிரப்புவாங்க. ஒரு கிலோமீட்டர் கட்டம்னு போட்ட மேப்பா இருந்தாலும் மேகத்தடில ஒரு கிலோமீட்டர் வெவரம் இருக்காது, இதை யாரும் கண்டுக்கிறதில்ல.

"புயல் நேரத்துல இது எதுக்கு ஒதவும்?"

கஜா அடிச்ச ஊருக்கு இதைச் சொல்லித் தரணுமா! புயல் உருவாக கடல் பொதுவா 26.5 டிகிரிக்கு மேல இருக்கணும்பாங்க. புயல் போன தடத்துல அடித்தண்ணி கலங்கி மேல வந்து கடல் குளுந்துரும், அந்த நேரம் பாத்து மேலெல்லாம் மேகம். மைக்ரோவேவ் இல்லாம வெறும் நிரப்பல்தான்னா பழைய சூட்டையே காட்டிக்கிட்டிருக்கும்.

"மீன் எங்கன்னு இதுல தெரியுமா?"

ஐதராபாத்ல இருக்குற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் தர்ற மீன்வளத் தகவல் சூட்டையும் கடல் பாசியோட பச்சையத்தையும் சேத்துப் பாத்துத்தான். சூடும் குளுமையும் முட்டுற கோடுதான் முக்கியம், நிரப்புன மேப்ல அந்தக் கோடு மழுங்கிரும், அதுக்கு மேகமில்லாத நாள் படமே மேல்.

பாபநாசத்துலேர்ந்து: "காவிரித் தண்ணிக்கும் இப்படி அளக்கலாமா?"

மேட்டூர் டேமுக்கு சரி. அமெரிக்க சேட்டிலைட் லேண்ட்சாட் 8ன் வெப்பப் படத்துல ஒரு புள்ளியே 100 மீட்டர் அளவு, நம்மூர் ஆத்துல மணல் திட்டும் கரையும் கலந்துதான் வரும்.