68 வயது அப்பாவுக்கு இம்பிளாண்ட் வைக்கலாமா, பல்செட் போதாதா?

வைக்கலாம். இம்பிளாண்ட் என்பது பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு. வயது ஒரு தடையே இல்லை. கட்டுக்குள் வராத சுகர், விடாத சிகரெட், தாடையில் வாங்கிய கதிர்வீச்சு, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் சில ஊசிகள், இவைதான் டாக்டரை யோசிக்க வைக்கும். உங்கள் வீட்டில் யாரோ "இந்த வயசுல எதுக்கு" என்று சொல்லியிருப்பார்கள், அதனால்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் அதையே சொன்னார்கள். அம்மாவுக்கு 71 வயது. மேல்செட் நன்றாக நின்றது, கீழ்செட் நிற்கவே இல்லை. பல் போனபின் தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும். கீழே நாக்கும் சேர்ந்து தள்ளும். முறுக்கை விடுங்கள், தோசையையே சாம்பாரில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரமாட்டார், "வயிறு சரியில்லை" என்பார். ஆளே பாதியாகிவிட்டார். சித்தப்பா மட்டும், "இருக்கிற காலத்துக்கு இது போதாதாம்மா?" என்றார். பேரன் காதுகுத்துக்கு மண்டபம் பிடித்தவர் அவர். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

வாய் முழுக்க இம்பிளாண்ட் என்றால் பல லட்சம். எங்களால் முடியாது. கீழ்த்தாடையில் முன்பக்கம் இரண்டு மட்டும் வைத்து, அதன்மேல் பல்செட்டைப் பட்டன் மாதிரி அழுத்திப் பொருத்தினார்கள். கீழே பல்லே இல்லாதவர்களுக்கு முதலில் இதைத்தான் பரிந்துரைக்க வேண்டும் என்று 2002லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். டைட்டானியம் எலும்போடு சேர சில மாதம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது அம்மா வேர்க்கடலை சாப்பிடுகிறார்.

நான் பல் டாக்டர் இல்லை. விளம்பரம் என்று சண்டைக்கு வருபவர்களுக்காகச் சொல்கிறேன், க்ளினிக் பெயரை யார் கேட்டாலும் தரமாட்டேன். பல்செட்டிலேயே நிம்மதியாக இருப்பவர்களைக் குறை சொல்லவும் இல்லை.

ஆனால் ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்கு இது கிடைக்காது. அவருக்கு வருவது முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். ஒரே ஒரு இம்பிளாண்டுக்கு நான் விசாரித்த இடங்களில் 25,000க்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிற என் மருத்துவக் காப்பீட்டிலும், விபத்தில் பல் போனால்தான் பணம். அமெரிக்காவிலும் இதே கதைதான். பல் இழந்தவர்களில் இம்பிளாண்ட் வைத்திருந்தவர்கள் 1999-2000ல் 0.7 சதவீதம், 2015-16ல் 5.7 சதவீதம். அந்த வளர்ச்சியிலும் வசதியும் தனியார் காப்பீடும் உள்ளவர்களே முன்னால் நிற்கிறார்கள். அங்கே முதியோருக்கான மெடிகேர், வழக்கமான பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சைக்காக அம்மா திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்துபோனார், ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம். பெண்களுக்கு 58 வயதிலிருந்து பாதிக் கட்டணம் என்றிருந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. வயதானவர்களிடம் எதை எடுத்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியம்.

சரி, உங்கள் அப்பா விஷயம். ஆடுவது கீழ்செட்டா என்று பாருங்கள். ஆமென்றால், "இரண்டு மட்டும் வைத்து இந்த செட்டையே பொருத்த முடியுமா" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். தாடை ஸ்கேன், இம்பிளாண்ட், பட்டன், பட்டனுக்குள் அவ்வப்போது மாற்ற வேண்டிய வளையம், எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை எழுதி வாங்குங்கள். மூன்று மாத சராசரி சுகர் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.