வாய் திறக்க முடியாதவருக்கு ஆபரேஷனுக்கு முன் விழித்திருக்கும்போதே மூச்சுக் குழாய் போடுகிறார்களே, நன்றாகத் தூங்க வைத்துவிட்டுப் போட்டால் என்ன?

கேட்டவர் தன் மாமாவுக்காகக் கேட்டிருக்கிறார். பாக்கு போட்டுப் போட்டுக் கன்னம் இறுகி, வாய் ஒரு விரல்தான் திறக்கிறதாம். நான் தர்மபுரியில் மயக்க டாக்டர். பாலக்கோடு, பென்னாகரம் பக்கமிருந்து இப்படி ஆட்கள் வருவது உண்டு.

தூங்க வைத்தால் நாக்கும் தொண்டையும் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கும். மற்றவர்களுக்கு வாயைத் திறந்து குழாயை இறக்கிவிடலாம். உங்கள் மாமாவுக்கு அது நடக்காது. மாஸ்க் வைத்து அழுத்தியும் காற்று போகவில்லை என்றால் சில நிமிடங்கள்தான் கையில். விழித்திருக்கும்வரை மூச்சை அவரே பார்த்துக்கொள்வார்.

வலியைத் தடுப்பது தூக்க மருந்து இல்லை, மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன். குழாய் மூக்கு வழியாகப் போவதால் மூக்கில் சொட்டு, தொண்டையில் ஸ்பிரே, சில சமயம் கழுத்து வழியாக ஒரு ஊசி. கிலோவுக்கு 9 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பயங்கரக் கசப்பு, 'வேப்பங்கொழுந்தை அரைச்சு ஊத்தினாப்ல இருக்குது சார்' என்றார் ஒரு மாங்காய் வியாபாரி. கொஞ்ச நேரத்தில் குரல் கம்மிவிடும். மரத்துவிட்டதற்கு எனக்குப் பிடித்த அடையாளம் அதுதான்.

தூக்க மருந்து பதற்றம் தணிய மட்டும். கைவசம் இருந்தால் டெக்ஸ்மெடிடோமிடின் கொடுப்பேன்: கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், 10 நிமிடத்தில் மெதுவாக. கண் செருகும், கூப்பிட்டால் திறப்பார், மூச்சு பெரும்பாலும் குறையாது. நாடித்துடிப்பும் பிரஷரும்தான் இறங்கும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

படிக்கும் காலத்தில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் இருமி, என் கையைத் தள்ளினார். மிடசோலம் என்ற தூக்க மருந்து கொடுத்திருந்தேன், மேலே ஃபென்டனைல் என்ற வலுவான வலி மருந்தும் ஏற்றினேன். அமைதியாகிவிட்டார், ரொம்பவே. மானிட்டரின் 'டிங் டிங்' சத்தம் படிப்படியாகக் கட்டைக் குரலுக்கு இறங்கியது. ஆக்சிஜன் 80-க்குக் கீழே. சீனியர் ஓடிவந்து தாடையைத் தூக்கிப் பிடித்து, 'மூச்சு விடுங்க ஐயா, இழுத்து விடுங்க' என்று தோளைத் தட்டித் தட்டி மீட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, 'அவருக்கு மரப்பு பத்தலைய்யா. நீ தூக்கத்தை ஏத்திட்டு இருக்கே' என்றார்.

மாமாவிடம் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். மரத்ததும் எச்சில் விழுங்க முடியாத மாதிரி, மூச்சு முட்டுகிற மாதிரி தோன்றும்; மூச்சு போய்க்கொண்டுதான் இருக்கும். குழாய் இறங்கினதும் பேச்சு வராது, கையை அசைத்தால் போதும். குழாய் சரியான இடத்தில் இருப்பதற்கு அடையாளமாக மானிட்டரில் கார்பன் டை ஆக்சைடு அலை தெரிந்த பிறகு முழு மயக்கம் கொடுத்துவிடுவார்கள். பலருக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். மாங்காய் வியாபாரிக்கு அந்தக் கசப்பு மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.