தண்ணீரைப் படிக்க யார் பணம் தருவார்கள்? – கேள்வி பதில்

நிலத்தடி நீரில் அமெரிக்காவில் முனைவர் பட்டம் முடித்தவன் நான். வீட்டுக் காசில் போனது விமான டிக்கெட்டும் விசா செலவும்தான். மற்றதெல்லாம் பேராசிரியரின் ஆய்வு நிதி. நீர் சார்ந்த மேற்படிப்புக்கு உதவித்தொகை எப்படிக் கிடைக்கும் என்று எனக்கு வந்த கேள்விகள் இவை, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, எம்.எஸ்சி. வேதியியல் முடித்து 3 வருடமாகத் திருப்பூரில் சாயக் கழிவுநீருக்கான ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் லேப் வேலை பார்க்கிறேன். சுற்றுச்சூழல் பட்டம் இல்லாமல் ஜெர்மனியில் உதவித்தொகை கிடைக்குமா?

தாராளமாக முயலலாம். வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்களுக்காக ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) ஒரு முதுநிலைப் படிப்புப் பட்டியல் வைத்திருக்கிறது. பட்டத்துக்குப் பின் குறைந்தது 2 வருட வேலை அனுபவம் வேண்டும். பட்டம் வாங்கி 6 வருடம் தாண்டியிருக்கக் கூடாது. கல்லூரியை விட்டு நேற்று வந்தவர்கள் இதில் நுழையவே முடியாது, உங்களால் முடியும். டிரெஸ்டன், ஸ்டுட்கார்ட் இரண்டிலும் நீர் சார்ந்த படிப்புகள் உண்டு. சிலவற்றுக்குப் பொறியியல் பட்டமே வேண்டும் என்பார்கள், அதை முதலில் பாருங்கள். விண்ணப்பத்தை அந்தந்தப் படிப்புக்கே அனுப்ப வேண்டும்.

நோக்கக் கடிதத்தில் 'சிறு வயது முதலே இயற்கை மீது காதல்' என்று ஆரம்பிக்காதீர்கள், புண்ணியமாகப் போகும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, உங்கள் ஊர் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாற வேண்டியிருந்தது. அதன் உள்ளே தினமும் நிற்பவர் நீங்கள். எந்த ஷிப்டில் டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஏறியது, ஆர்.ஓ. மெம்பரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) ஏன் அடைத்தது, ஆவியாக்கியில் மிஞ்சும் கலப்பு உப்பு ஏன் வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, இதையெல்லாம் உங்கள் லாக் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். அந்த உப்பு மூட்டை ஒன்றே ஒரு ஆய்வுத் தலைப்பு.

அமெரிக்கப் பேராசிரியர்களுக்கு 40 மெயில் போட்டேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. ஏன்?

40 பேருக்கும் ஒரே மெயில்தானே? நானும் அதைத்தான் செய்தேன். ஒருமுறை முந்தையவரின் பெயரை மாற்ற மறந்து அப்படியே இன்னொருவருக்கு அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

அங்கே ஆய்வு உதவியாளர் இடம் என்பது பெரும்பாலும் அந்தப் பேராசிரியர் வாங்கிய புராஜெக்டின் சம்பளம். பணம் இருந்தால்தான் அவரால் ஆள் எடுக்க முடியும். அதனால் அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஒன்றைக் கேளுங்கள். 'நான் எம்.இ. புராஜெக்டில் 22 கிணறுகளில் ஃபுளோரைடு பார்த்தேன், கோடையில் கூடியது, நீங்கள் சொல்லும் காரணம் இங்கே பொருந்துமா?' என்பதுபோல. கடைசி வரியில், வரும் ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் அனுப்புங்கள். பல இடங்களில் டிசம்பரில் கதவு மூடிவிடும்.

இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் தள்ளுபடி எவ்வளவு, மருத்துவக் காப்பீடு யார் செலவு, உதவித்தொகை 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா என்று கேளுங்கள். கோடை 3 மாதம் காசில்லாமல் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிவில் முடித்திருக்கிறேன். வெளிநாடு வேண்டாம், அம்மா தனியாக இருக்கிறார்.

சரி, கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதுங்கள். 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்கே தனித் தாள் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் இரண்டிலும் நீர்வளப் பிரிவு இருக்கிறது. கேட் வழி எம்.டெக். உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய், மிச்சம் பிடிக்க முடியாது. முனைவர் படிப்பில் நிலைமை பரவாயில்லை, ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி.

நான் யாழ்ப்பாணம். இளநிலை ஆய்வுக்காகத் தோட்டக் கிணறுகளில் நைட்ரேட் அளந்தேன். எங்கே போகலாம்?

உங்கள் ஊரில் சுண்ணாம்புக்கல் நிலம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரம் மழையோடு நேரே கிணற்றுக்கு இறங்கிவிடும். குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். எத்தனை கிணறு அதைத் தாண்டியது என்பதை விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே வையுங்கள். நிலத்தடி நீருக்கென்றே லிஸ்பன், டெல்ஃப்ட், டிரெஸ்டன் மூன்று ஊர்ப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய எராஸ்மஸ் முண்டஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித்தொகைத் திட்டம்) படிப்பு ஒன்று உண்டு. இந்த ஆண்டு அதில் உதவித்தொகை இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, 2 வருடம். படிப்புக் கட்டணம் கிடையாது. ஆனால் வாடகை, பயணம் எல்லாம் அந்தத் தொகைக்குள்தான்.

ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார், ஸ்காலர்ஷிப் உறுதி என்கிறார்.

கொடுக்காதீர்கள். எராஸ்மஸ் முண்டஸ் விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை.

எனக்கு 36 வயது, பட்டம் முடித்து 13 வருடம். நேரம் தாண்டிவிட்டதா?

டாட் பட்டியல் உங்களுக்கு ஒத்துவராது, அந்த 6 வருடக் கணக்கில் அடிபடும். எராஸ்மஸ் முண்டஸுக்கு வயது வரம்பு இல்லை. எந்தத் துறையில் வேலை பார்க்கிறீர்கள் என்று எழுதவில்லையே, அதைச் சொல்லுங்கள், பார்க்கலாம்.