இடியன் துவக்குக்கு மருந்து அளப்பது: வாசகர் கேள்வி பதில்

பெரும்போக விதைப்பு முடிந்து பன்றிக் காவல் தொடங்கும் காலம் என்பதால், வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துவக்குகள் பற்றிய கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். அனுமதிப்பத்திரம் உள்ள துவக்குகளுக்கு மட்டுமே இந்தப் பதில்கள். தண்ணீர்க்குழாயை வெட்டிச் செய்த துவக்கு எந்த அளவு மருந்துக்கும் பாதுகாப்பானதல்ல. அதற்கு அளவு சொல்லவும் முடியாது.

கேள்வி: அப்பாவின் இடியன் துவக்கை முறைப்படி என் பெயருக்கு மாற்றியாயிற்று. அவர் மருந்தை உள்ளங்கையில் கொட்டிக் கைக்கணக்கில்தான் போடுவார். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. நகைக்கடைத் தராசு வாங்குவதா, அளவுக் குவளை வாங்குவதா? (தம்பலகாமம்)

பதில்: குவளையை வாங்குங்கள். கருமருந்தை (இத்துவக்குகளுக்குரிய, புகை எழுப்பும் பழைய வகை வெடிமருந்தை) நிறுப்பதில்லை, கொள்ளளவால் அளப்பதே முறை. 100 கிறெயின் என்று கோடிட்ட குவளையை அந்தக் கோடுவரை நிரப்பினால், இரண்டு எஃப் தரக் (எஃப் என்பது குறுணையின் அளவைக் காட்டும் குறி) கருமருந்து ஏறத்தாழ 6.5 கிராம் இருக்கும்.

நகைத்தராசில் வேறொரு ஆபத்தும் உண்டு. கிராம், கிறெயின், காரட் எல்லாம் ஒரே பொத்தானில் மாறும். 70 கிறெயின் என்பது நாலரைக் கிராம். தராசு காரட்டில் நிற்பதைக் கவனிக்காமல் 70 என்ற எண்ணை மட்டும் பார்த்து நிறுத்தால் 14 கிராம் வந்துவிடும். அது மூன்று மடங்கு மருந்து, ஆனால் குவியலைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது.

குவளை பித்தளையாக இருக்கட்டும். இரும்பு உரசினால் பொறி வரும், பிளாஸ்ரிக்கில் தூள் ஒட்டிக்கொள்ளும். உள்தண்டை இழுத்து அளவை மாற்றும் வகையில், திருகை இறுக்கிய பின் தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் வாங்க வேண்டாம். கோடுகள் அச்சடித்தவையாக இல்லாமல் செதுக்கியவையாக இருக்க வேண்டும். நிரப்பும் விதமும் ஒன்றாகவே இருக்கட்டும்: ஒருநாள் தட்டி நிரப்பி மறுநாள் தட்டாமல் நிரப்பினால் அதே கோட்டில் வேறு அளவு வரும். மேலே கூம்பாக நிற்பதை வழித்துவிடுங்கள்.

எவ்வளவு போடுவது என்பதைத் துவக்கு செய்தவரின் கைந்நூல்தான் சொல்லும். கைந்நூல் இல்லாத பழைய துவக்கென்றால், முதலில் துவக்குத் திருத்துபவர் குழலைக் கழற்றி அடிப்பக்கச் சோதனை முத்திரையையும் உட்புறத் துருவையும் பார்க்க வேண்டும். சோதனை முத்திரை குத்திய, நல்ல நிலையிலுள்ள 12 போர் (போர் என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண்) குழலுக்குப் பழைய காலத்து வழக்கமான அளவு 75 கிறெயின் மருந்து, அதாவது 4.9 கிராம். அதற்குச் சன்னம் (சிறு ஈயக் குண்டுகள்) 32 கிராம். இதை மேலெல்லையாக வைத்து, இதற்குக் குறைவாகவே தொடங்குங்கள். இதில் ஒரு வசதி: 75 கிறெயின் மருந்து கொள்ளும் குவளையில் ஏறத்தாழ 32 கிராம் சன்னமே கொள்ளும். ஆகவே ஒரே குவளையால் இரண்டையும் அளக்கலாம். மருந்தைக் கூட்டினால் பன்றி தூரத்தில் விழும் என்று நம்ப வேண்டாம். சன்னம் சிதறும், மிச்ச மருந்து வாய்க்கு வெளியே எரியும், உதையைத் தோள் வாங்கும்.

கெட்டிப்பதற்கு முன் துவக்கு வெறுமையா என்று பாருங்கள். கெட்டிக்கும் கம்பை உள்ளே விட்டு, வாய் விளிம்பில் விரலை வைத்து வெளியே எடுத்து, குழலின் வெளிப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். கம்பு அடிவரை போகவில்லையென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. வெறுமைதான் என்று உறுதியான பின், வாயை ஒரு காய்ந்த இலைக்குக் கிட்டப் பிடித்து வெறும் கேப்பு (தட்டினால் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஒன்றைச் சுடுங்கள். இலை அசைந்தால் தீ போகும் துளை திறந்திருக்கிறது. அசையாவிட்டால் எண்ணெயோ கரியோ அடைத்திருக்கிறது.

அடுத்தது உயிர் காக்கும் விதி. மருந்துப் போத்தலிலிருந்தோ கொம்பிலிருந்தோ நேராகக் குழலுக்குள் ஊற்றக் கூடாது. முந்தின வெடியின் கனல் உள்ளே ஒளிந்திருந்தால் கையிலிருக்கும் போத்தல் முழுவதும் வெடிக்கும். குவளையில் ஊற்றி, போத்தலை மூடி, எட்ட வைத்துவிட்டு, குவளையிலிருந்து குழலுக்கு ஊற்றுங்கள். அப்போது பற்றினாலும் ஒரு வெடிக்குரிய மருந்துதான் பற்றும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணியும் பின் உலர்துணியும் விட்டுத் துடையுங்கள். திருகோணமலைப் பிரட்றிக் கோட்டையில் கிடக்கும் பீரங்கிகளுக்கும் இதே ஆபத்து இருந்தது. நனைத்த துடைப்பத்தை உள்ளே விட்டு எடுத்த பிறகே அடுத்த மருந்தைப் போடுவது பீரங்கிக்காரர் முறை.

மருந்துக்கு மேல் அடைப்பு, பிறகு சன்னம், அதற்கு மேல் மெல்லிய அடைப்பு. கம்பை வாய்க்கு ஒரு சாண் மேலே பிடித்துச் சிறிது சிறிதாக இறக்குங்கள். நுனியில் பிடித்து ஓங்கி அழுத்தினால் மரக்கம்பு முறிந்து உள்ளங்கையில் ஏறும். கம்பின் தலையில் உள்ளங்கையை வைக்கக் கூடாது, முகமும் நெஞ்சும் வாய்க்கு நேரே வரக் கூடாது. அடைப்பு மருந்தின்மேல் இறுகி உட்கார வேண்டும். நடுவில் நின்று காற்றிடைவெளி விட்டால் அந்த இடத்தில் குழல் வளையமாகப் புடைக்கும் அல்லது பிளக்கும்.

கம்பில் இரண்டு கோடு கீறிக்கொள்ளுங்கள். வெறுங்குழலில் வாய் விளிம்புக்கு ஒன்று, சரியாகக் கெட்டித்த பின் ஒன்று. இரண்டாவது கோடு விளிம்புக்கு மேலே நின்றால் மருந்து இரட்டித்திருக்கிறது அல்லது இடைவெளி இருக்கிறது. கீழே போனால் மருந்து குறைவு. இந்தச் செலவில்லாத வேலையைத்தான் பலர் செய்வதில்லை.

கேப்பு எப்போதும் கடைசியில், சுடும் இடத்தில்தான்.

கேள்வி: கருமருந்து கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. 12 போர் தோட்டாவை உடைத்து அதன் மருந்தைக் குறைவாகப் போடலாமா? (கந்தளாய்)

பதில்: கூடாது. குறைவாகவும் கூடாது. தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. 1884 இல் பிரான்சில் போல் வியே கண்டுபிடித்த வகை அது. உங்கள் துவக்கின் அமைப்பு அதற்கு முந்தியது. கருமருந்துக் குவளையால் அதை அளந்தால் குழல் தாங்காத அழுத்தம் வரும். குழல் கிழியும், கேப்பு மாட்டும் முனை பிய்த்துக்கொண்டு கண்ணுக்கு வரும்.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். புகையில்லா மருந்துக்கும் கிராஃபைட் (பென்சில் கரி) பூச்சு இருப்பதால் அதுவும் கறுப்பாகவே தெரியும். எனவே பெயர்ச்சீட்டு இல்லாத பையில் யார் தந்தாலும், 'நல்ல மருந்து' என்று எவர் சொன்னாலும் வாங்காதீர்கள். பட்டாசு மருந்து, வீட்டில் அரைத்த மருந்து, கேப்புக்குப் பதிலாகச் சுரண்டிய தீக்குச்சித் தலை எல்லாவற்றுக்கும் இதே பதில். இலங்கையின் 1956 ஆம் ஆண்டு 21 ஆம் இலக்க வெடிபொருள் சட்டம் வேறு இருக்கிறது. அனுமதியுள்ள விற்பனையாளரிடம், உங்கள் பத்திரத்தைக் காட்டி, மூடி உடையாத கொள்கலத்தில் வாங்குங்கள். எங்கே வாங்கலாம் என்பதை மாவட்டச் செயலகத்தில் பத்திரம் புதுப்பிக்கப் போகும்போது கேளுங்கள்.

கேள்வி: மாரி மழையில் மருந்து கட்டிபட்டுவிட்டது. அடுப்படியில் உலர்த்தி இடித்துப் பாவிக்கலாமா? (மூதூர்)

பதில்: இரண்டுமே செய்ய வேண்டாம். ஈரம் பட்டால் வெடியுப்பு கரைந்து வெளியே வந்து மறுபடி படியும். உலர்ந்த பிறகும் கலவை பழைய மாதிரி இருக்காது, ஒரு குவளை ஒருபோல வேலை செய்யாது. இடிப்பது தீயை அழைப்பது. அதைப் பொலிஸாருக்கு அறிவித்து ஒப்படையுங்கள். இனி வாங்குவதைச் சிறிதாக வாங்கி, வந்த டப்பாவிலேயே இறுக மூடி, வாடைக்காற்று அடிக்காத, அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத பூட்டிய மரப்பெட்டியில் வையுங்கள். கனமான இரும்புப் பெட்டகம் ஆகாது, தீப்பிடித்தால் அடைபட்ட மருந்து குண்டாகிவிடும். கேப்புகளை வேறு அறையில் வையுங்கள்.

கேள்வி: கேப்பு வெடித்தது, துவக்கு வெடிக்கவில்லை. உடனே பார்க்கலாமா? (குச்சவெளி)

பதில்: குறைந்தது ஒரு நிமிடம் வாயை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே நில்லுங்கள். மருந்து உள்ளே கனன்று பிந்தி வெடிப்பதுண்டு. அதன்பின் புதுக் கேப்பு. மறுபடி வெடிக்காவிட்டால் இன்னும் ஒரு நிமிடம் பொறுத்து, மெல்லிய கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்து இன்னொன்று. அப்படியும் இல்லையென்றால் கேப்பை அகற்றிவிட்டு வாய்வழியே தண்ணீர் ஊற்றி மருந்தை நன்றாக ஊறவிட்ட பிறகே, திருகு நுனிக் கம்பியால் அடைப்பை இழுக்க வேண்டும். உலர்ந்த மருந்தின்மேல் கம்பியைத் திருகக் கூடாது. தெரியாதவர் இந்த இடத்தில் துவக்குத் திருத்துபவரைத்தான் தேட வேண்டும்.

கேள்வி: உவர்மலையில் பிறந்த நான் ஒன்ராறியோவில் சுடுகளம் ஒன்றில் பழகுகிறேன். கடையில் பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் என்று மாற்று மருந்துகளும், இரண்டு எஃப், மூன்று எஃப் என்று தரங்களும் இருக்கின்றன. எது?

பதில்: எஃப் கூடக் கூடக் குறுணை சிறிது, எரிவது வேகம். அரை அங்குலத்துக்கு மேற்பட்ட குழலுக்கும் சன்னத் துவக்குக்கும் இரண்டு எஃப், அதற்குச் சிறியதற்கும் கைத்துப்பாக்கிக்கும் மூன்று எஃப். நான்கு எஃப் சக்கிமுக்கித் துவக்கில் பொறி விழும் வெளிக்கிண்ணத்துக்கு மட்டும், குழலுக்குள் அல்ல.

பைரோடெக்ஸ் கருமருந்தைவிட எடை குறைந்தது. கருமருந்தின் எடைக்குச் சமமாக நிறுத்தால் அளவு மீறிவிடும், குவளையால்தான் அளக்க வேண்டும். டிரிபிள் செவனைக் குவளையிலும் 15 வீதம் குறையுங்கள், அது வலுவானது. உங்களுடையது சக்கிமுக்கி என்றால் இரண்டுமே வேண்டாம், அவை எளிதில் பற்றாது. உண்மையான கருமருந்தே வாங்குங்கள்.

மாற்று மருந்து துரு பிடிக்காது என்ற விளம்பரத்தை நம்பி வாங்காதீர்கள். பைரோடெக்ஸின் கரியும் குழலைத் தின்னும். எதைச் சுட்டாலும் அன்று மாலையே சோப்புக் கலந்த சுடுநீரால் குழலைக் கழுவி, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, எண்ணெய் பூசுங்கள். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுப் பாருங்கள். செம்பழுப்பாக வந்தால் மறுபடி கழுவ வேண்டும்.